எந்தப் பக்கம் சுற்றுகிறது மோட்டார்?

கிணற்றடியில் பம்பு செட் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் இரைச்சலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் நேற்று வரை குழாய் நிறையக் கொட்டிய தண்ணீர் இன்று மெலிந்து வழிகிறது. மோட்டாரிலும் பழுதில்லை, பம்பிலும் பழுதில்லை. மின்கம்பியைப் பழுது பார்த்தபோது இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன. அதனால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது!

"எதிர்த்திசையில் சுற்றினால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போகாது. மையவிலக்குப் பம்பில் இம்பெல்லர் எனப்படும் சக்கரம் தண்ணீரை வெளிப்புறமாக வீசி எறிகிறது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர் வெளிப்புறமாகவே போகும். ஆனால் சக்கரத்தின் இதழ்கள் ஒரு திசைக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டவை. திசை மாறினால் அழுத்தமும் குறையும், நீரின் அளவும் குறையும். மணிக்கணக்கில் மோட்டார் ஓடியும் வயலின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாது. மேலும், சில பம்புகளில் இம்பெல்லர் தண்டின் மேல் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓடினால் அது கழன்று பம்பையே உடைத்துவிடலாம்.

மோட்டார் சுற்றும் திசையை எது தீர்மானிக்கிறது? ஒரு பொம்மை மோட்டாரைக் கொண்டு நீங்களே கண்டறியலாம். அதன் தண்டில் ஒரு சிறு காகிதக் கொடியை ஒட்டுங்கள். மோட்டாரை டார்ச் லைட் பாட்டரியுடன் இணைத்து, தண்டின் பக்கமிருந்து பாருங்கள். கொடி கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். இப்போது பாட்டரியைத் தலைகீழாக இணையுங்கள். கொடி எதிர்ப்பக்கம் சுற்றும்.

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளுகிறது. காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பியைச் சுழலச் செய்து மைக்கேல் பாரடே 1821ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டினார். தள்ளும் திசை, காந்தப்புலத்தின் திசை, மின்னோட்டத்தின் திசை ஆகிய இரண்டையும் பொறுத்தது. இரண்டில் ஏதேனும் ஒன்றை மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றும். இரண்டையும் சேர்த்து மாற்றினால்? பழைய திசையிலேயே சுற்றும்!

வீட்டிலுள்ள மிக்ஸியே இதற்குச் சான்று. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஆயினும் மிக்ஸி ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. காரணம், அதில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளிலும் சுழலும் சுருளிலும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. திசை மாறும்போது இரண்டிலும் ஒன்றாகவே மாறுகிறது.

மின்விசிறியிலும் இதே விதியைக் காணலாம். அதில் முதன்மைச் சுருள் ஒன்று, கண்டென்சருடன் இணைந்த துணைச் சுருள் ஒன்று. துணைச் சுருளின் இரு முனைகளை மட்டும் மாற்றி இணைத்தால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். காற்று கீழே வராமல் கூரையை நோக்கிப் போகும்.

இனி பம்பு செட்டுக்கு வருவோம். மும்முனை மின்சாரம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று கம்பிகளில் வருகிறது. மூன்றிலும் மின்னழுத்தம் ஒரே நேரத்தில் உச்சம் அடைவதில்லை. விநாடியில் 150இல் ஒரு பங்கு இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் அடைகிறது. எனவே மோட்டாருக்குள் காந்தப்புலம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற வரிசையில் சுழன்று வருகிறது. நடுவிலுள்ள சுழலி அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. இத்தகைய பலமுனை மோட்டாருக்கு நிகோலா டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஏதேனும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் வரிசை சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஆகிவிடும். காந்தப்புலம் எதிர்ப்பக்கம் சுழலும். சுழலியும் அதைப் பின்தொடரும்.

பம்பின் உடலில் சரியான திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். மோட்டாருக்கு ஒரு விநாடி மட்டும் மின்சாரம் கொடுத்து நிறுத்திவிட்டு, தண்டு மெதுவாகி நிற்கும்போது கவனித்தால் திசை தெரிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாரைக் கண்ணால் பார்க்க முடியாதே, என்ன செய்வது? ஒரு பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுவார்கள். பிறகு இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்து மறுபடி கணக்கிடுவார்கள். எந்த இணைப்பில் பீப்பாய் விரைவில் நிரம்புகிறதோ அதுவே சரியான திசை. இந்த வேலையை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்பணியாளர்தான் செய்யவேண்டும். நீங்கள் பாட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு கேள்வி. சிவப்புக் கம்பியை மஞ்சளின் இடத்திலும், மஞ்சளை நீலத்தின் இடத்திலும், நீலத்தைச் சிவப்பின் இடத்திலும் இணைத்தால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும்? மூன்று நிறங்களையும் ஒரு வட்டத்தில் எழுதிப் பாருங்கள். விடை உங்களுக்கே புலப்படும்.