முகமூடி போட்ட பிறகு தெரிந்த முகம்
சர்ச்கேட்டில் இருந்து வடக்கே போகும் மின்சார ரெயில் டகாணு ரோட்டோடு நின்றுவிடும். அதற்குக் கிழக்கே வார்லி, கோக்ணா ஆதிவாசி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒரு போட்டோக்காரர் கதை படம் பிடித்தார். பெயர் கவுரி கில்.

1970-ல் சண்டிகாரில் பிறந்தவர். டெல்லியில் பத்திரிகை வேலை. 1999-ல் ராஜஸ்தான் கிராமப் பள்ளி ஒன்றில், ஆசிரியர் ஒரு சிறுமியை அடிப்பதைப் பார்த்தார். கிராமப் பள்ளியில் பெண் குழந்தைகள் படும் பாட்டைப் படக்கட்டுரையாகத் தர விரும்பினார். இதில் செய்தி இல்லை என்று பத்திரிகை மறுத்துவிட்டது. அடி வாங்கும் சிறுமி செய்தி இல்லையாம்!

அவர் தாமாகவே பாலைவனத்துக்குப் போனார். திரும்பத் திரும்பப் பல ஆண்டுகள் போனார். அந்தப் படங்களுக்குத்தான் 2023-ல் 'பிரி பிக்டே' விருது கிடைத்தது. பரிசு 1 லட்சம் சுவிஸ் பிராங்க்.

படத்தில் வராத கதை

2013-ல் டகாணு தாலுகா கஞ்சாட் கிராமத்துக்கு வந்தார். வார்லி ஓவியர் ராஜேஷ் வங்காட் வீட்டில் தங்கினார். ராஜேஷ் ஊரைச் சுற்றிக் காட்டினார். வழியெல்லாம் கதை சொன்னார். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது மரம் இருந்தது, வயல் இருந்தது. கேட்ட கதையைக் காணோம்!

வேறு யாராவது என்றால், கீழே நாலு வரி விளக்கம் எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை ராஜேஷிடமே கொடுத்து, மேலே வரையச் சொன்னார். மண்சுவரில் அரிசி மாவால் போடும் அதே வார்லி உருவங்களை, ராஜேஷ் மையால் நுணுக்கி நுணுக்கி வரைந்தார். வெறும் வானமும் வெறும் தரையுமாக இருந்த இடத்தில் தெய்வமும் விலங்கும் வெள்ளமும் வறட்சியும் வந்து நிறைந்தன. படைப்பில் இரண்டு பேர் பெயரும் உண்டு.

ஜவ்ஹாரின் காகித முகங்கள்

அடுத்தது ஜவ்ஹார். அங்கே போஹாடா திருவிழாவில் தெய்வம், அசுரன் முகமூடி அணிந்து ஆடுவார்கள். காகிதக் கூழில் முகமூடி செய்யும் சுபாஷ் கடு, பகவான் கடு சகோதரர்களிடம் கவுரி கில் ஒரு வேலை கொடுத்தார். தெய்வம் வேண்டாம், அசுரன் வேண்டாம். இன்று நம்மைச் சுற்றி இருக்கும் மனிதர், விலங்கு, மதிப்பான பொருள் ஆகியவற்றைச் செய்யுங்கள் என்றார்.

2015 முதல் ஊர் மக்களே அவற்றை மாட்டிக்கொண்டு நடித்தார்கள். வீட்டிலும் கடையிலும் அன்றாடம் நடப்பதுதான் காட்சி. உடம்பு, உடுப்பு, வீடு எல்லாம் நிஜம். தலை மட்டும் கற்பனை. ஆதிவாசி என்றால் நடனம், பஞ்சம் என்று இரண்டே படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. பரிதாபப்பட இதில் இடமே இல்லை. சில படங்களில் சிரிப்புக்கூட வருகிறது.

இந்தப் படங்கள் 2017-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த 'டாக்குமெண்டா' கண்காட்சிக்குப் போயின. அடுத்த ஆண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தன.