துண்டும் தொட்டிலும்

குற்றாலத்துச் சாரலில் நனைந்து வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அருவியில் குளித்தோம், சூடாக இட்லி சாப்பிட்டோம், குழந்தைகளுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கினோம், ரயில் ஏறினோம் என்று திரும்பி விடுவதுதான் வழக்கம். அடுத்த தடவை போகும்போது செங்கோட்டையைத் தாண்டி, மேற்கே புளியறை வரை போய் வாருங்கள். சாலையின் இரு பக்கமும் பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். எதிரே பாதி வானத்தை மறைத்துக்கொண்டு மலை. கணவாய் வழியாகச் சாலை கொல்லத்துக்கு இறங்குகிறது. 1956ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரையில் இந்த ஊர் மலையாள ராஜ்யத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

புளியறையில் தட்சிணாமூர்த்தி சந்நிதி பிரசித்தமானது. தட்சிணாமூர்த்தி யார்? ஆலமரத்தின் கீழே அமர்ந்து, நான்கு முனிவர்களுக்கு வாய் திறவாமலே உபதேசம் செய்த குரு. பேச்சினால் மட்டும் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்களும் உலகத்தில் உண்டு என்பதுதானே அந்த மௌனத்தின் பொருள்?

இதைப் போன்ற ஒரு பேச்சை நம் கிறிஸ்தவ சிநேகிதிகளிடமும் கேட்டிருப்பீர்கள். கிறிஸ்துவைப் பற்றித் தெரிந்துகொள்வது ஒன்று, கிறிஸ்துவைத் தெரிந்துகொள்வது வேறொன்று என்பார்கள் அவர்கள். அது என்ன வித்தியாசம்?

பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி என்னென்னவெல்லாம் விசாரித்து விடுகிறோம்! ஊர், படிப்பு, சம்பளம், ஜாதகம், தங்கைகள் எத்தனை பேர் என்பது வரையில் தெரிந்து விடுகிறது. ஆனால் கோபம் வந்தால் அது எத்தனை நேரம் நிற்கும், பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் அடுப்பை மூட்டத் தெரியுமா என்பதெல்லாம் கூட வாழ்ந்து பார்த்தால் அல்லவா தெரியும்?

"சரி, இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் பாலஸ்தீனத்தில் இருந்த ஒருவரோடு எப்படிக் கூட வாழ்வது?" என்று நீங்கள் கேட்கலாம். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினான்காவது அதிகாரத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தம்மிடம் அன்பு உள்ளவர்கள் தாம் சொன்னபடி செய்வார்கள் என்றும், அப்படிச் செய்கிறவர்களுக்குத் தாம் யார் என்பதைத் தாமே காட்டுவதாகவும் இயேசு அங்கே சொல்கிறார். வரிசையைக் கவனித்தீர்களா? நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு கீழ்ப்படிவது அல்ல. அன்பினால் கீழ்ப்படியக் கீழ்ப்படியத் தெரிந்துகொண்டே போவது!

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. வாழ்க்கையில் நடக்குமா? அதைப் பார்க்க வேண்டுமானால், புளியறையில் கண்ட அந்த மலைத்தொடரின் ஓரமாகவே தெற்கே போக வேண்டும். குற்றாலம், பாபநாசம், களக்காடு எல்லாம் தாண்டி, மலை அடிவாரத்தில் ஒரு செம்மண் கிராமம் வரும். பெயர் டோனாவூர். அங்கே கோயில் கட்டப் பணம் உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரே ஊருக்கு வந்துவிட்டது. அங்கேதான் ஏமி கார்மைக்கேல் என்ற அம்மையார் ஐம்பது வருஷம் வாழ்ந்தார்.

* * *

ஏமி 1867 டிசம்பர் 16இல் வட அயர்லாந்தில் ஒரு மாவு மில் சொந்தக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தவர். உடன் பிறந்தவர்கள் ஆறு பேர். பதினேழாவது வயதில், பெல்பாஸ்ட் நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து தம்பிமாரோடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் கந்தல் உடுத்த ஒரு கிழவி பெரிய மூட்டையைத் தூக்க முடியாமல் தள்ளாடினாள். மூன்று பேரும் மூட்டையை வாங்கிக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எதிரே கௌரவமான மனிதர்கள் வந்தபோது ஏமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் சிவந்து போயிற்று!

அந்த வெட்கத்தை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை. வேதத்தைப் படிக்கத் தெரிகிறது, கோயிலுக்குப் போகத் தெரிகிறது. ஒரு கிழவியின் மூட்டையைத் தெருவில் தூக்க மட்டும் கூசுகிறதே! அப்படியானால் தாம் கும்பிடும் ஆண்டவரைத் தமக்கு எவ்வளவு தெரியும்? அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், வெளியே வரும்போது வேறு பெண்ணாக வந்தார்.

1895இல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு ஒரு தடவை கூடத் தாய்நாடு திரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தமிழ் படித்தார். சேலை உடுத்தினார். சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்தப் பெண்களில் முக்கியமானவர் பொன்னம்மாள். சிறு வயதிலேயே கணவனை இழந்தவர்.

பொன்னம்மாளைப் பற்றி ஏமி ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். பெரியவளானதும் தானும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து பொன்னம்மாளைப் போல் நகை போட்டுக்கொள்ளப் போவதாக ஒரு சிறுமி சொன்னாளாம். அது பொன்னம்மாளின் காதில் விழுந்தது. தாம் யாரைக் காட்ட வந்தோமோ அவரை விட்டுவிட்டுக் குழந்தை தம் நகையைப் பார்க்கிறதே என்று மனம் கலங்கினார், நகைகளைக் கழற்றிவிட்டார். உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. நகையைக் கழற்றும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

* * *

1901 மார்ச் 7ஆம் தேதி காலை. ஏமி அப்போது பண்ணைவிளையில் தங்கியிருந்தார். ஒரு கிழவி ஏழு வயதுச் சிறுமியை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். தாயாரே அந்தக் குழந்தையைப் பொட்டுக் கட்டும் வாழ்க்கைக்காகக் கொடுத்துவிட்டிருந்தாள். முன்பு ஒரு தடவை ஓடித் தாயிடம் போனபோது, அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு போட்டார்கள். மறுபடியும் ஓடி வந்த குழந்தை, ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிரீனா என்பது அவள் பெயர்.

அந்த வழக்கத்தைச் சட்டத்தினால் ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடியதும், 1947இல் சென்னையில் சட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரியும். 1901இல் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒரு மடிதான் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்தன. 1904 முதல் பச்சைக் குழந்தைகளும் வந்தன. இங்கேதான் சோதனை! ஊர் ஊராகப் போய்ப் போதித்த கையை இப்போது தொட்டில் பிடித்துக்கொண்டது. பால் காய்ச்ச வேண்டும், துணி அலச வேண்டும், ராத்திரி கண் விழிக்க வேண்டும். உதவிக்குப் படித்த கிறிஸ்தவப் பெண்களைக் கேட்டால், இது ஆயா செய்கிற வேலை அல்லவா என்று ஒதுங்கினார்கள். போதிக்க வந்தவர் தாதியாகிவிட்டாரே என்று மிஷனரிகளிலேயே சிலர் குறை சொன்னார்கள்.

ஏமிக்கும் இந்தச் சந்தேகம் வராமல் இல்லை. அப்போது அவர் நினைத்துப் பார்த்தது, இயேசு மரிப்பதற்கு முந்தின இரவு செய்த ஒரு காரியத்தை. குருவாக இருந்தவர் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு சீஷர்களின் அழுக்குக் காலைக் கழுவினார். அவர் எடுத்த துண்டு, தமக்கு மட்டும் தாழ்வாகி விடுமா? குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிய ஒவ்வொரு தடவையும், படித்துத் தெரிந்திருந்த அந்த இரவை அவர் கையினால் தெரிந்துகொண்டார்.

அப்பர் பெருமானை நினைத்துக்கொள்ளுங்கள். பாடிய நாவோடு அவர் நின்றுவிடவில்லை. உழவாரப் படையைக் கையில் பிடித்துக் கோயில் புல்லைச் செதுக்கினார். தெய்வத்தை அறிந்தவர்களின் கை சும்மா இருந்ததில்லை போலும்!

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை ஒட்டிப் பொன்னம்மாளின் பொறுப்பில் இருந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, அடுத்தடுத்துப் பல குழந்தைகள் இறந்தன. 1915இல் பொன்னம்மாளே புற்றுநோயால் காலமானார். கீழ்ப்படிந்தால் துன்பம் வராது என்று ஏமி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தாமும் அப்படி எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் குடும்பம் வளர்ந்தது. 1913க்குள் நூற்றுமுப்பது குழந்தைகள் வரை ஆகிவிட்டார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் குழந்தைகளுக்கு 'அக்காள்', வெள்ளைக்காரப் பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி'. ஏமி 'அம்மை'.

* * *

இதுவரையில் கையும் காலும் ஓடின. அவை நின்றுவிட்டால்? ஓடி உழைப்பதுதான் கீழ்ப்படிதல் என்றால், படுத்த படுக்கையாகக் கிடப்பவள் ஆண்டவரை எப்படித் தெரிந்துகொள்வாள்?

1931இல் ஒரு நாள் மாலை, களக்காட்டில் மருந்தகம் வைக்க எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார் ஏமி. மங்கிய வெளிச்சத்தில், புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, முதுகும் கெட்டுப்போயிற்று. அன்று முதல் ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் கட்டிலுமாகக் கழிந்தன. வலி ஓயவில்லை. அந்தக் கட்டிலில் இருந்தே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். செய்யச் சொன்னதைச் செய்வது ஒரு கீழ்ப்படிதல். செய்ய முடியாமல் போனதைக் கசப்பில்லாமல் ஏற்றுக்கொள்வது இன்னொரு கீழ்ப்படிதல். இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்பது, வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோயாளியாகவே இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

1951 ஜனவரி 18ஆம் தேதி, எண்பத்து மூன்றாவது வயதில் ஏமி காலமானார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளைகள் அந்த இடத்தில், பறவைகள் குளிப்பதற்கு ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் பொறித்தது ஒரே சொல்: 'அம்மை'.

தெருவில் ஒரு கிழவியின் மூட்டையைத் தொட்டு வெட்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்த பட்டம் அது. குழந்தையைக் குளிப்பாட்டும்போதோ, படுக்கையில் இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொண்டு போகும்போதோ, "இதிலே என்ன பெரிய பக்தி இருக்கிறது?" என்று என்றைக்காவது உங்களுக்குத் தோன்றினால், டோனாவூரில் ஒரு கல் தொட்டி இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.