பழைய ராஜதானியின் பஸ்களும் போதிசத்துவர்களும்

டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம் பிரயாணம் செய்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சக்கரவர்த்திகள் வாசம் செய்த நகரத்தை இதோ தரிசிக்கப் போகிறோம் என்ற ஆவலுடன் கியோட்டோ நிலையத்தை விட்டு வெளியே வருகிறவனுடைய கண்ணில் முதலாவதாகப் படுவது கோயிலும் அன்று, மூங்கில் தோப்பும் அன்று. 1964-ல் கட்டி முடித்த, 131 மீட்டர் உயரமுள்ள ஒரு நவீன ஸ்தம்பமே. அவன் விட்டு வந்த நிலையமோ, 1997-ல் எஃகும் கண்ணாடியுமாக எழும்பிய பிரம்மாண்டம். இவ்விரண்டையும் எதிர்த்து நகரத்தார் பலர் அந்தந்தக் காலத்தில் கடுமையாக வாதாடினார்கள் என்று கேள்விப்பட்டால் சற்று ஆறுதல் உண்டாகும். வாதம் ஜெயிக்கவில்லை என்பது எதிரிலேயே நிற்பதனால் அந்த ஆறுதல் நீடிப்பதில்லை.

சீனத்துத் தாங் வம்சத்தாரின் தலைநகரமான சாங்கானை மாதிரியாகக் கொண்டு, நேரான வீதிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லுமாறு, கம்மு சக்கரவர்த்தி 794-ல் ஸ்தாபித்த நகரம் இது. 1869-ல் அரசபீடம் டோக்கியோவுக்குப் பெயரும் வரையில் இங்கே நேர்ந்த அக்கினிப் பிரளயங்களுக்குக் கணக்கில்லை. 1467 முதல் பத்து ஆண்டுகள் நடந்த ஓனின் யுத்தத்தில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1788-ல் மூண்ட தீயில் மறுபடியும் அதே கதி. எல்லாம் மரத்தால் ஆனவை. ஆகவே கருங்கல்லிலே பழமையைத் தேடிப் பழகிய நாம், ஒவ்வொரு வாயிலிலும் நின்று இது அசலா, பின்னால் கட்டியதா என்று கேட்டுக்கொண்டே போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். ஷோகன் யோஷிமித்ஸு 1397-ல் எழுப்பத் தொடங்கிய பொன் மண்டபமான கின்காகுஜியை 1950-ல் ஓர் இளம் பிக்ஷு தீயிட்டுக் கொளுத்திவிட்டான். குளத்தில் பொன்னிழல் பரப்பி இன்று நிற்பது 1955-ல் திரும்பக் கட்டியது, அதாவது நம்மில் பலருடைய பூர்விக வீட்டைக் காட்டிலும் வயதில் இளையது. ஆனாலும் அது அழகாகத்தான் இருக்கிறது. அழகு மட்டுமே அசல் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த அழகைப் போய்ச் சேர்வது எப்படி என்பதில்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. கியோட்டோவில் சுரங்க ரயில் பாதை இரண்டே இரண்டு. மண்ணைத் தோண்டும் இடமெல்லாம் புராதனச் சின்னங்கள் வெளிப்பட்டு வேலையை நிறுத்திவிடும் ஊரில் அவ்வளவு அமைந்ததே பெரிது. கோயில்களோ மலையடிவாரங்களில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆதலால் யாவரும் பஸ்ஸையே சரணடைகிறார்கள். பின்வாசலில் ஏறி, முன்வாசலில் காசைப் போட்டுவிட்டு இறங்க வேண்டிய அந்தப் பஸ்ஸில், அலமாரி பருமனுள்ள பெட்டிகளோடு அந்நிய தேசத்தார் நாற்பது பேர் நடுவழியை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய உள்ளூர்க் கிழவி ஏற முடியாமல் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காட்சி, நம்மையும் அந்த நாற்பதில் ஒருவராக எண்ணிக் கூசச் செய்வதாகும். பிரயாணிகளை ரயிலுக்குத் திருப்பும் பொருட்டு ஒருநாள் பஸ் சீட்டின் விற்பனையை 2023-ல் நிறுத்தினார்கள். மறுவருஷம் பிரயாணிகளுக்கென்றே தனி விரைவுப் பஸ்களை விட்டார்கள். கூட்டம் அசைந்து கொடுத்ததாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது இதே நகரத்தில்தான். ராஜதானி என்ற பதவி போன பிறகு ஜனங்களும் வியாபாரமும் குறைந்து நகரம் க்ஷீணித்துக்கொண்டிருந்தபோது, அழுது கொண்டிராமல், மலைக்கு அப்பாலுள்ள பிவா ஏரியின் ஜலத்தைச் சுரங்க வழியாகக் கொண்டுவர உத்தேசித்தார்கள். கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு வந்த தானபே சகுரோ என்ற இளைஞரிடம் அந்த மகத்தான காரியத்தை ஒப்படைத்தார்கள். 1890-ல் கால்வாய் பூர்த்தியாயிற்று. அந்த ஜலத்திலிருந்து மின்சாரமும், அந்த மின்சாரத்தைக் கொண்டு 1895-ல் டிராமும் பிறந்தன. 1978-ல், மோட்டார் வாகனங்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, நகர டிராம்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். இன்றைய பஸ் நெரிசலில் நசுங்குகிறவன் திட்டுவதற்கு ஒரு வருஷம் வேண்டுமென்றால் அந்த வருஷத்தைத் திட்டலாம்.

கால்வாய் மட்டும் இருக்கிறது. நான்சென்ஜி ஆலயத்தின் பிராகாரத்துக்குள்ளேயே, செங்கல் வளைவுகளின் மேலே, அது சலசலத்து ஓடுகிறது. கட்டிய நாளில் ஆலயத்தின் அமைதிக்கு அபசாரம் என்று பலர் முகம் சுளித்த அந்த வளைவுகள் பாசி படர்ந்து இப்போது ஆலயத்தோடேயே பிறந்தவை போல் ஒன்றிவிட்டன. (நிலைய வாசலில் நிற்கும் ஸ்தம்பத்துக்கும் அப்படியொரு காலம் வருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.) கால்வாயின் கிளையொன்றின் கரையோரமாக வடக்கே செல்லும் நடைபாதையில் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ தினந்தோறும் சிந்தித்தவண்ணம் உலாவினார் என்பார்கள். செர்ரி பூக்கும் வாரத்தில் அங்கே சிந்திக்க முடியாது. மழைக்காலத்துக் காலைப்பொழுதில் முடியும்.

நமக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆனந்தம் காத்திருப்பது சான்ஜூசான்கென்டோவில். கோ-ஷிரகாவா சக்கரவர்த்தியின் ஆணைப்படி 1164-ல் எழுந்து, 1249-ல் தீக்கிரையாகி, 1266-ல் மீண்டும் எழுந்த இந்த மண்டபத்தின் நீளம் ஏறக்குறைய 120 மீட்டர். உள்ளே, சிற்பி தான்கெய் தம் எண்பதாவது பிராயத்தையும் கடந்த முதுமையில் செதுக்கிய ஆயிரங்கை அவலோகிதேசுவர போதிசத்துவர் நடுநாயகமாக வீற்றிருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக, ஆளுயரத்தில், பொன் பூச்சோடு ஆயிரம் அவலோகிதேசுவரர்கள் படிவரிசையில் நிற்கிறார்கள். ஒரு முகம் போல் இன்னொரு முகம் இல்லை. ஆனால் நம் கால்கள் தாமாக நின்றுவிடுவது அவர்களுக்கு முன்வரிசையில் உள்ள இருபத்தெட்டுக் காவல் தெய்வங்களிடத்தில்தான். பிரம்மா இருக்கிறார், இந்திரன் இருக்கிறான், நாராயணன் இருக்கிறான், கருடன் பறவை முகத்தோடு புல்லாங்குழல் வாசிக்கிறான், எலும்பும் நரம்பும் தெரியக் கோலூன்றி நிற்கும் கிழ ரிஷியை வசு என்கிறார்கள். பௌத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பாரதத்திலிருந்து சீனம் வழியாக நடந்தே வந்தவர்கள் இவர்கள். மீசையும் கவசமும் மாறியிருக்கலாம், ஆள் அடையாளம் தெரியாமற் போகவில்லை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது ஒரு வரப்பிரசாதம். கின்காகுஜியில் கைப்பேசிகளின் முதுகையே தரிசித்துவிட்டு வருகிறவனுக்கு இங்கேதான் மனிதர்கள் கண்ணால் பார்ப்பதைக் காணக் கிடைக்கிறது. வெளித்தாழ்வாரத்தில் அந்நாளைய வில்லாளிகள் முழு நீளத்துக்கும் அம்பு எய்து பந்தயம் நடத்தினார்கள். 1686-ல் வாசா தைஹாசிரோ என்ற இளைஞன் ஓர் இரவும் பகலுமாக 13,053 அம்புகளை எய்து, அவற்றில் 8,133 அம்புகளை எல்லைக்குச் சேர்த்தான்.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைவ போஜனக்காரர்கள் ஜப்பானில் ஏமாறுவது மாமிசத்தால் அன்று, சாற்றால். காய்கறியும் டோஃபுவும் மட்டுமே மிதக்கும் கிண்ணத்திலும் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கியதாக இருக்கும். இதில் மீன் இல்லை என்று பரிசாரகர் மலர்ந்த முகத்தோடு சொல்வதும் அவரளவில் பொய்யன்று. ஆனால் பிக்ஷுக்களின் ஆகாரமான ஷோஜின் உணவு, வெங்காயமும் பூண்டும்கூட இன்றி, இதே ஊர் மடங்களில் பரிமாறப்படுகிறது. அதைத் தேடிப் போகிறவன் பட்டினி கிடக்க மாட்டான்.

அடைத்த கதவுகளைப் பற்றியும் பிரயாணிகள் குறைகூறுகிறார்கள். பாசித் தோட்டத்துக்குப் பேர்பெற்ற சைஹோஜியில் 1977 முதல் முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்கே அனுமதி; வந்தவர்களையும் பௌத்த சூத்திரத்தைத் தூரிகையால் பிரதி செய்யவைத்த பிறகே தோட்டத்துக்குள் விடுவது வழக்கம். கியோன் பேட்டையில், நடனப் பெண்களை வழிமறித்துப் படமெடுத்தவர்களின் அட்டகாசத்தால், தனியார் சந்துகளில் நுழைவோருக்கு 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்துவிட்டார்கள். நகராட்சி 2007-ல் கட்டடங்களின் உயரத்தைக் குறைத்துக் கூரைமேல் விளம்பரங்களையும் தடுத்தது. அணுகுண்டுக்கு இலக்காகக் குறிக்கப்பட்ட நகரங்களின் பட்டியலிலிருந்து, அமெரிக்க யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் பிடிவாதமாக நின்று 1945-ல் நீக்கிய ஊர் இது. யுத்தத்தில் தப்பியதைப் பெட்டிக்காரர்களிடம் இழந்துவிட நகரத்தார் சம்மதிக்கவில்லை. பஸ்ஸைப் பற்றி நாம் புகார் சொல்லலாம். கதவைப் பற்றிச் சொல்வதற்கு நமக்கு யோக்கியதை இல்லை.

கியோட்டோவுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ஓர் இடம் பார்க்கத்தான் அவகாசம் என்றால் சான்ஜூசான்கென்டோவைப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிஷ நடை, பஸ் வேண்டியதில்லை. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்கும் அரை மணி முன்னதாகவே சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், முற்பகலிலேயே போய்விடுங்கள்.