கறுப்புப் பழக் காபி

காபிப் பழம் என்ன நிறம்? தோட்டம் பார்த்தவர்கள் 'சிவப்பு' என்று சட்டென்று சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்றொரு நாடு. அங்கே ஒரு காபி, பழுத்தால் நாவற்பழம் மாதிரி கறுத்துவிடும்! அதன் பெயர் ஸ்டெனோஃபில்லா. கிரேக்கத்தில் 'ஒடுங்கிய இலை' என்று பொருள்.

நூறு வருடங்களுக்கு முன்னால் அந்நாட்டு விவசாயிகள் இதைப் பயிரிட்டு, ஐரோப்பாவுக்கே அனுப்பினார்கள். பிறகு ரொபஸ்டா என்ற இன்னொரு காபி வகை வந்தது. அது நிறையக் காய்க்கும். குறைவாகக் காய்ப்பதை யார் வைத்துக்கொள்வார்கள்? ஸ்டெனோஃபில்லாவைக் கைவிட்டார்கள். 1954க்குப் பிறகு அந்நாட்டுக் காடுகளிலும் அது கண்ணில் படவில்லை.

2018 டிசம்பரில் ஆரன் டேவிஸ், ஜெரமி ஹாகர், சியரா லியோனைச் சேர்ந்த டேனியல் சார்மு ஆகிய மூன்று காபி வல்லுநர்களும் அதைத் தேடிப் போனார்கள். காசேவே குன்றுகளில் கிடைத்தது ஒரே ஒரு செடி. அது போதாதா என்கிறீர்களா? போதாது. தன் மகரந்தத்தாலேயே இந்தச் செடி காய் பிடிக்காது. பக்கத்தில் இன்னொரு செடி பூக்க வேண்டும். மறுபடி நடை. கிழக்கே காம்புய் குன்றுகளில், புதரை வெட்டி வழி செய்துகொண்டு போனபோது ஒரு கூட்டமே நின்றது.

எதற்கு இத்தனை பாடு? நாம் ருசித்துக் குடிக்கும் அராபிகா குளிர்ச்சியை விரும்புவது. வெயில் ஏறினால் பழம் அவசரமாகப் பழுக்கும், மணம் சேராது. இலைத்துரு நோயும் மலைமேல் ஏறிவரும். விவசாயி இன்னும் உயரத்தில் நடலாம்தான். ஆனால் மேலே போகப்போக மலை குறுகிக்கொண்டே போகிறதே! ஸ்டெனோஃபில்லாவோ அராபிகாவைவிட ஏறக்குறைய 6 டிகிரி கூடுதலான வெப்பத்தில் வளர்கிறது.

ருசி? 2020இல் பிரான்ஸில் வல்லுநர்களுக்குப் பெயர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் 'அராபிகா' என்றார்கள். எனக்கு ஒரு டம்ளர் கிடைக்கவில்லையே என்றுதான் வருத்தம்.

உடனே எல்லோரும் இதை நட்டுவிட முடியாது. விளைச்சல் குறைவு என்ற பழைய குறை அப்படியே இருக்கிறது. காபி கன்று காய்க்கவே சில வருடங்கள் ஆகும்; அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? அதனால் முதலில் சியரா லியோனிலேயே கன்றுகளைச் சோதனையாக நட்டுப் பார்க்கிறார்கள். எந்தச் செடி அதிகம் காய்க்கும் என்று இனிமேல்தான் எண்ண வேண்டும், கறுப்புக் கறுப்பாக.