பிரேக் மிதி மெல்ல இறங்குகிறதா?

பிள்ளைகளைப் பாடசாலை வானில் ஏற்றி அனுப்புகிறோம். கலியாணம், விடுமுறை என்றால் திருகோணமலையிலிருந்து கண்டி, நுவரெலியா என்று குடும்பத்தோடு புறப்படுகிறோம். அத்தனை உயிர்களும் நம்பியிருப்பது பிரேக்கை. அதன் இதயம் மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு உருளை.

சகோதரிகளே, பிள்ளைக்கு மருந்து புகட்டும் சிரிஞ்சை நினைத்துப் பாருங்கள். நீர் நிரப்பிய இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே தள்ளும். இடையில் காற்றுக் குமிழி இருந்தால் அழுத்தம் அங்கேயே வீணாகும். பிரேக்கும் இப்படித்தான். சாரதி மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது.

நம் நாட்டில் இன்றும் காணக்கூடிய பழைய மொரிஸ் மைனரில் இந்த உருளை சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. விரிப்பை நீக்கி, மூடியைக் கழற்றித்தான் ஒயில் பார்க்க வேண்டும். அதில் ஒரே அறைதான். எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரப் பிரேக்கும் போய்விடும். கைப் பிரேக்தான் மிஞ்சும். பிற்கால வாகனங்களில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு நிறுத்தும்.

உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் என்ன நடக்கும்? ஒயில் வளையத்தைத் தாண்டிப் பின்னால் நழுவும். வெளியே ஒரு சொட்டும் விழாது. ஒயில் மட்டமும் குறையாது. ஆனால் மிதி மெல்ல மெல்லக் கீழே போகும்.

இன்னொரு எதிரி ஈரம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்முடையதோ கடல் காற்று வீசும் துறைமுக ஊர். டொட் 3 வகை ஒயில், புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகையை ஒட்டியே கொதித்துவிடலாம். ரம்பொடை போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்தால், மிதித்தும் பயனில்லை.

கவனிக்க வேண்டியவை:

வாகனம் நிற்கையில் எஞ்சினை இயக்கி, மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து இறங்கினால் பயணம் வேண்டாம், கராஜுக்கு அனுப்புங்கள்.

எஞ்சின் ஒயிலையோ சமையல் எண்ணெயையோ பிரேக்குக்கு ஊற்ற விடாதீர்கள். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

எப்போதோ திறந்து வைத்த பழைய டின்னைப் பாவிக்க வேண்டாம். வாகனக் கையேடு சொல்லும் காலத்தில் ஒயிலை மாற்றுங்கள்.

இது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள். "மிதி இறங்குகிறதா?" என்று சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.