புது ஸ்பீக்கரைப் பழக்கி எடுப்பது எப்படி?

இசைக்குழு நடத்தும் இளையர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். கித்தார் ஆம்ப்ளிஃபையரில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிறோம். முதல் நாள் வாசிக்கும்போது ஒலி காதைக் குத்துகிறது. கனமான கீழ்ச்சுரங்கள் எழும்பவே மறுக்கின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகம் வருகிறது. சிலர் ஒரே வாரத்தில் அதைப் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள்.

அப்படி அவசரப்படத் தேவையில்லை. புதுத் தோசைக்கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொள்கிறது என்பதற்காகக் கல்லையே யாரும் தூக்கி எறிவதில்லை. பழக்கி எடுக்கிறோம். கித்தார் ஸ்பீக்கரையும் அப்படித்தான் பழக்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

ஸ்பீக்கரின் முன்பக்கம் தெரியும் கூம்பு, பெரும்பாலும் காகிதத்தால் ஆனது. அதன் விளிம்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். கூம்பின் அடியில் கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் நடுவே முன்னும் பின்னும் அசைகிறது. அந்தச் சுருளை நடுவில் தாங்கிப் பிடிப்பது, பிசின் ஊட்டிய துணி வளையம். இதை ஸ்பைடர் என்பார்கள். புதிதாக இருக்கும்போது இந்தத் துணியும் விளிம்பு மடிப்பும் விறைப்பாக இருக்கும். வாசிக்க வாசிக்க அவை இளகி, கூம்பு தாராளமாக அசையத் தொடங்குகிறது.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தானாக அதிர விரும்பும் ஓர் அதிர்வெண் உண்டு. உதாரணமாக, இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அது 75 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிடப்படுகிறது. கித்தாரின் ஆகத் தடித்த தந்தி எழுப்பும் சுரம் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் விறைப்பாக இருக்கும் வரை அதன் அதிர்வெண் சற்று உயர்ந்தே நிற்கும். இளகிய பிறகு இறங்கும். அப்போது கீழ்ச்சுரங்கள் நிறைவாகவும், மேல்சுரங்கள் கூர்மை குறைந்தும் கேட்கின்றன.

பழக்கும் முறை

தெளிவான ஒலியில் வாசியுங்கள், டிஸ்டார்ஷன் வேண்டாம். ஒலியளவை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி, ஆனால் ஒலி பிசிறாத அளவில் வைத்து, ஆறு தந்திகளையும் சேர்த்து கார்டுகளை வாசியுங்கள். கூம்பை அதிகம் அசைப்பவை கீழ்ச்சுரங்கள் என்பதால், தடித்த தந்திகளுக்கு நல்ல வேலை கொடுங்கள். ஒரு நேரத்தில் அரை மணி நேரம் போதும்.

இதற்குப் பத்து மணி நேரம் ஆகும் என்பாரும் உண்டு, நூறு என்பாரும் உண்டு. அது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறுபடும். மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே வந்துவிடும். மீதி, வழக்கமான பயிற்சியிலேயே தானாக நடந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பகல் நேரத்தில், பெட்டியை மெத்தைப் பக்கம் திருப்பி வைத்து வாசிக்கலாம். லூப்பர் பெடல் இருந்தால் பதிவு செய்த வாசிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். ஆம்ப்ளிஃபையரைத் துணி போட்டு மட்டும் மூடிவிடாதீர்கள், அது சூடாகும்.

செய்யக் கூடாதவை

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் குறைத்து, நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்து இரவு முழுவதும் அதிரவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. இதை வீட்டில் முயல வேண்டாம். இணைப்பில் சிறு தவறு நேர்ந்தாலும் போவது ஸ்பீக்கர் மட்டுமல்ல, உயிரும் போகலாம்.

சீக்கிரம் இளகட்டும் என்று முழு டிஸ்டார்ஷனில் முழக்குவதும் தவறு. 30 வாட் ஆம்ப்ளிஃபையரை அப்படி உச்சத்தில் வைத்தால், அது ஏறக்குறைய 60 வாட் வரை தள்ளக்கூடும். 25 வாட் தாங்கும் ஸ்பீக்கரின் சுருள் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால், ஆம்ப்ளிஃபையரின் வாட் அளவைப் போல் இரு மடங்கு தாங்குவதாக வாங்குவது நல்லது.

ஓம் அளவும் பொருந்த வேண்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓம், தொடர் இணைப்பில் 16 ஓம். வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால், ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் முடுக்காதீர்கள். அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடும்.

பழகியது எது?

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பல நாள் கேட்கும்போது நம் காதும் அந்த ஒலிக்குப் பழகிவிடுகிறது. எவ்வளவு மாற்றம் ஸ்பீக்கருடையது, எவ்வளவு காதுடையது என்று அறிய எளிய வழி உண்டு. முதல் நாளே கைப்பேசியில் ஒரு துண்டு வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே அளவுகளில் மீண்டும் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

பழக்குவதால் ஸ்பீக்கரின் குணமே மாறிவிடாது. மேல்சுரம் தூக்கலான ஸ்பீக்கர் சற்று மென்மையாகுமே தவிர, இன்னொரு ஸ்பீக்கராக ஆகிவிடாது. ஆகவே வாங்கும் முன் நன்றாகப் பழகிய அதே வகை ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள்.

மெதுவாக வாசிக்கும்போதும் உரசும் சத்தமோ 'பர்ர்' என்ற இரைச்சலோ வந்தால், முதலில் பெட்டியின் திருகுகளைச் சரிபாருங்கள். அதன் பிறகும் நீடித்தால் அது பழகாத குறையல்ல, பழுது. பற்றுச்சீட்டுடன் உத்தரவாதக் காலத்திற்குள் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒலி கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றால், விற்பதற்கு முன் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.