ஒரே வீடு, மூன்று மாவட்டப் பெயர்கள்: தாம்பரம் பகுதிப் பத்திரங்களைப் படிப்பது எப்படி?

பல்லாவரத்தில் பாட்டனார் வாங்கிய வீட்டின் பழைய பத்திரத்தை எடுத்தால் 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா' என்றிருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் எழுதியதில் 'காஞ்சிபுரம் மாவட்டம், தாம்பரம் வட்டம்'. இன்றைய பட்டாவில் 'செங்கல்பட்டு மாவட்டம், பல்லாவரம் வட்டம்'. வீடு என்னவோ ஓரடிகூட நகரவில்லை. ஆனால் பெயர் மாறியதைப் பார்த்ததும் பத்திரத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து, தரகரிடம் பணம் கொடுத்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1763-இல் இருக்கிறது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா, சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்கு அதில் வேண்டியிருந்தது நிலவரி. நவாப் காலத்து வரி வசூல் சொற்களையே அதுவும் வைத்துக்கொண்டது. தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் அரபி, பார்சி வழி வந்தவை. 'தஹ்சீல்' என்றால் வசூல். 'ஃபஸ்ல்' என்றால் பருவம், அறுவடை. அந்தப் பசலிக் கணக்கு இன்றும் ஓடுகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி.

ஆக, கிராமம், வட்டம், மாவட்டம் என்ற வரிசை நிலவரிக்காக வந்தது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை இவற்றுக்கான வரிசை வேறு. சென்னை மாநகராட்சி 1688-லேயே தோன்றிவிட்டாலும், மக்கள் பிரதிநிதிகள் நடத்தும் உள்ளாட்சி என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானம்தான். இரண்டு வரிசைகளும் கடைசிவரை ஒன்றாகவில்லை. ஒன்றின் எல்லை மாறும்போது மற்றது மாற வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாவட்டத்தைப் பாருங்கள். 1997-இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2018-இல் ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் சென்னை மாவட்டத்துக்குப் போயின. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மறுபடி பிரிந்தது. உள்ளாட்சியில் நடந்தது தனிக் கதை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆயின. பல்லாவரத்துக்காரர் சொத்துவரி கட்டுவது தாம்பரம் மாநகராட்சிக்கு, பட்டா கேட்பது பல்லாவரம் வட்டாட்சியரிடம். இரண்டும் சரியே. பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருப்பவர்களுக்கோ மாநகராட்சியே கிடையாது. அவர்களுடைய வாரியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

சரி, பத்திரத்தில் எதைப் பிடித்துக்கொள்வது? வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும். மாவட்டம் மூன்று முறை மாறினாலும் இவை அதனால் மாறுவதில்லை. நகர அளவை நடந்த இடங்களில் மட்டும் வார்டு, பிளாக், நகர அளவை எண் எனப் புதிய எண் வந்திருக்கும். பழைய எண்ணுக்கு இணையான புதிய எண் எது என்று நில அளவைப் பிரிவில் கேட்டு, எழுத்தில் வாங்கிப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். பள்ளிவாசல், கபரஸ்தான் இடங்களின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு இது இன்னும் அவசியம். இடத்தை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

வாரிசுச் சான்று, சாதிச் சான்று இரண்டும் வருவாய்த்துறை வரிசையில் வருபவை. பிறப்பு, இறப்புப் பதிவில்தான் நம் குடும்பங்கள் அதிகம் அலைகின்றன. பதிவு நடப்பது குடியிருக்கும் ஊரில் அல்ல, சம்பவம் நடந்த இடத்தில். மேடவாக்கம் ஊராட்சியில் இருப்பவர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் மவுத்தானால் பதிவு தாம்பரம் மாநகராட்சியில். ஊராட்சியில் உள்ள வீட்டிலேயே மவுத்தானால் அங்குள்ள கிராம நிர்வாக அலுவலரிடம். 21 நாட்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை.